தொண்டூரில் ஆறிப்போன விருந்து

அன்பு மகன் ஏழுமலைக்கு,

இந்தக் கடிதத்தை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பொறுமையாகப் படி. எழுத்துகள் நேராக நிற்கவில்லை. நம் செஞ்சி ராஜகிரி மலைப் பாறைகளைப் போல ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிக்கொண்டு நிற்கிறது, அடுத்தது எப்போது உருளுமோ என்று இருக்கிறது. கோடு போட்ட காகிதம்தான் வாங்கினேன், ஆனாலும் கோட்டுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. மன்னித்துக்கொள். ஆனால் இது முழுக்க என் கை. யாரிடமும் சொல்லி எழுதவைத்தது இல்லை. உன் அம்மா எதிரே உட்கார்ந்து விதைக்கடலை உரித்துக்கொண்டே, "இன்னும் மொதப் பக்கமே முடியலியா? நான் ஒரு மரக்கா அளவு உரிச்சிட்டேன்" என்கிறாள். அவள் சொன்னதையும் எழுதிவிட்டேன் என்று படித்துக் காட்டினேன். "அதையெல்லாமா எழுதுவாங்க?" என்று வெட்கப்பட்டாள். எழுதத் தெரிந்தால் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது இத்தனை வயதில்தான் தெரிகிறது.

நான் எதற்காக எழுத்துக் கற்றேன் என்று கேட்டிருந்தாய். உனக்குக் கடிதம் எழுதத்தான் என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது பாதி உண்மை. மீதியை உனக்குச் சொல்கிறேன். முதல் தேர்தலில் கட்சிக்கு ஒரு பெட்டி என்று வரிசையாக வைத்திருந்தார்களே, அந்தக் காலத்திலிருந்து நம் கட்சிக்கு வண்டி ஓட்டினேன், பந்தல் போட்டேன், கொடி கட்டினேன். ஆனால் ஓட்டுப் போடும் நாளில் சாவடிக்கு உள்ளே கட்சியின் ஆளாக பெஞ்சில் உட்காருகிறவர் எப்போதும் படித்தவராகத்தான் இருப்பார். வருகிறவர் பெயரைப் படித்து, ஆள் அவர்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமல்லவா. நான் வெளியே வேப்பமரத்தடியில் தண்ணீர்ப் பானையோடு நிற்பேன். அந்த பெஞ்சில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரிடமும் சொன்னதில்லை.

பஸ் ஸ்டாண்டுத் தையல்கடை பாய்தான் குரு. சிலேட்டு, பலகை எதுவும் கிடையாது. எதிர்ச் சுவரும் பஸ் போர்டும்தான் பாடம். மேல்மலையனூர் என்பதை நான் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் வளைவு திரும்பிப் போய்விடும். பாய் மிஷினை நிறுத்தாமலே, "பரவால்ல பெரியவரே, திரும்பி வரும்போது மீதியப் படிச்சிக்கலாம்" என்பார். பஜாரில் நம் கட்சிச் சின்னம் வரைந்திருக்கும் பெரிய சுவர் உனக்கு நினைவிருக்கும். சின்னத்துக்கு மேலே தடித்த எழுத்தில் ஏதோ பெரிய கொள்கை எழுதியிருக்கிறது என்று எத்தனையோ வருஷமாக மரியாதையோடு பார்த்துக்கொண்டு போவேன். படிக்க வந்ததும் முதல் வேலையாக அதைப் போய்ப் படித்தேன். "இங்கு விளம்பரம் செய்யாதீர்" என்று இருந்தது. தனியாக நின்று சிரித்தேன். வெற்றிலைக் கடைக்காரர் எனக்கு வெயிலில் மண்டை காய்ந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "நைனா, இப்பவாவது அந்தக் கட்சியை விட்டு வெளியே வா" என்று எழுதியிருக்கிறாய். நீ எங்களைப் பத்தாம்பசலிகள் என்பாய். இருக்கட்டும். கள்ளுக்கடையை மூடியது நம் கட்சி என்பதால்தான் உன் பெரியப்பா இன்னும் உயிரோடு நடமாடுகிறார். கோயில், குளம், நிலம், பெரியவர் சிறியவர் என்று இருப்பதை ஒரே நாளில் புரட்டிப் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாக நல்லது செய்வார்கள் என்று நம்பினோம். ஏரிக்கரையைக் கட்டினார்கள், பள்ளிக்கூடம் வந்தது, தொண்டூருக்குக் கரண்டு வந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் யோசிக்காமல் போய் ஓட்டுப் போட்டோம். உன் கட்சிக்காரர்கள் மேடையில் சாமியைத் திட்ட ஆரம்பித்தால் இன்றைக்கும் நான் எழுந்து வந்துவிடுகிறேன். அது மாறவில்லை. ஆனால் இந்தத் தை மாதத்தில் நடந்தது வேறு.

நம் பக்கத்தில் கட்சியின் தேர்தல் வேலை தொண்டூர் தேவராஜ நைனார் வீட்டுச் சாப்பாட்டோடுதான் தொடங்கும். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அவர்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். இருட்டில் ஒரு பூச்சி விழுந்து செத்தாலும் பாவம் என்பது அவர்கள் கணக்கு. அதனால் பழைய எம்.எல்.ஏ. வெயில் இருக்கும்போதே வந்துவிடுவார். வெங்காயம் இல்லாத சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் பாயசமுமாகச் சாப்பிட்டு, நைனாரோடு சேர்ந்து வீடு வீடாகப் போவார். நீயும் சின்ன வயதில் என் வண்டியில் வந்து அங்கே சாப்பிட்டிருக்கிறாய். அந்த ஒரு பந்தி போதும், சுற்றுப்பட்டு ஜைன வீடுகளும் முதலியார் வீடுகளும் நம் பக்கம் என்று அர்த்தம்.

இந்த முறை பழையவருக்கு டிக்கெட் இல்லை. மேலே இருப்பவர்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், வெளியூர் ரைஸ்மில்காரர் ஒருவரைப் போட்டுவிட்டார்கள். அரிசிக்கு ஜனங்கள் ரேஷன் கடையில் நிற்கும் காலத்தில் ரைஸ்மில்காரர். அதையும் விழுங்கிக்கொண்டோம். நான் பஜாரில் இருக்கும் கட்சி ஆபீசுக்குப் போய்ச் செயலாளரிடம், "நாலு மணிக்கு அங்க இருக்கணும் தம்பி, பொழுது சாஞ்சா அவங்க சாப்பிட மாட்டாங்க" என்று சொன்னேன். அவர் கூட்டத்துக்கு மைக் ஏற்பாடு பண்ணிக்கொண்டே, "சரி சரி பெரியவரே" என்றார். நைனாரிடம் போய், வந்துவிடுவார்கள் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

நாலு மணி ஆயிற்று. வரவில்லை. இலைகளைக் கழுவி அடுக்கி வைத்திருந்தார்கள். விருந்தாளி உட்காருவதற்கு முன் வீட்டுக்காரர்கள் கை நனைப்பது வழக்கமில்லை. சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் உள்ளே ஊட்டினார்கள். நைனார் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். வெயில் சுவர் ஏறிக் கூரை ஏறிப் போய்விட்டது. கடைசி நேரத்தில் நான், "நீங்கள்ளாம் ஒரு வாய் சாப்டுங்க ஐயா" என்று கெஞ்சினேன். "நீ வருவாங்கன்னு சொல்லியிருக்கே. வந்து நிக்கும்போது நாங்க ஏப்பம் வுட்டுக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். பொழுது சாய்ந்தது. அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் அன்றைக்குச் சாப்பாடு முடிந்துபோயிற்று, சாப்பிடாமலே.

நன்றாக இருட்டியபின் ஜீப் வந்தது. செயலாளர் முதலில் குதித்து இறங்கி, "நைனாரே, லேட்டாயிடுச்சு. எல போடச் சொல்லுங்க, அண்ணன் பசியோட வந்துகிறாரு" என்றார்.

"வெளக்கு வெச்சாச்சு தம்பி. இந்த வூட்டுல இனிமே எல போடறது இல்ல. எளநீ வெட்டச் சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க. காலையில எத்தினி பேர் வந்தாலும் சோறு இருக்குது."

வேட்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னா வழக்கம் இது?" என்று கேட்டார். அவருக்கு உண்மையாகவே தெரியாது. அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் செயலாளர் தலைக்கு மேலே எரிந்த பல்பைக் காட்டி, "பகல் மாதிரி எரியுதே நைனாரே. இந்தக் கரண்டு குடுத்தது யாரு? நம்ம கட்சிதானே? நாங்க சொல்றோம், இது பகலுதான். போடுங்க எலய" என்றார். ஜீப்பில் வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மரியாதைக்கு நைனாரும் கொஞ்சம் சிரித்தார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம், "அந்த பல்ப நிறுத்துங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. நைனார் போய் பல்பை அணைத்தார். ஜீப் விளக்கு வெளிச்சத்தில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவர்கள் போனார்கள். சமைத்ததை எல்லாம் வயலில் வேலை செய்கிறவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். "நீயும் எடுத்துக்கினு போய்ச் சாப்டு, உனக்கு இன்னா தடை?" என்று நைனார் என்னிடம் சொன்னார். நான் எடுக்கவில்லை.

மறுநாளே தொண்டூர் முடிவு செய்துவிட்டது. உன் கட்சிக்குப் போட மாட்டார்கள், நம் கட்சிக்கும் போட மாட்டார்கள், தேர்தல் அன்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஒரு சாப்பாட்டுக்காக இப்படியா என்று நீ கேட்கலாம். சாப்பாடு கடைசியாக வந்தது. லெவி என்று அரசாங்க ஆட்கள் களத்து நெல்லைக் கட்டாயமாக அளந்துகொண்டு போனார்கள், பொறுத்தார்கள். ஜவுளிக்கடைச் செட்டியார் என்னிடம், "நாமதான் வூட்டு ஆளுங்கன்னு சொல்லிக்கினு இருக்கோம், அவங்க நம்மள வாடகைக்குக் குடியிருக்கிறவன் மாதிரி நடத்தறாங்க. காலி பண்ணவும் மனசு வரல" என்றார். பஜாரில் எந்தக் கடையில் நின்றாலும் இதே பேச்சுதான். கோபமாகப் பேசுகிறவர்கள் குறைவு. சம்பந்தி வீட்டில் அவமானப்பட்டுத் திரும்பியவர்களைப் போலப் பேசுகிறார்கள்.

நான் மறுபடியும் ஆபீசுக்குப் போனேன். வேட்பாளர் ஒரு நாள் பகலில் வந்து அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு பிடி சாப்பிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னேன். செயலாளர் சிரித்தார். "பெரியவரே, இன்னாத்துக்குக் கவல? சாமிய திட்டறவனுக்கு நைனாரு போடுவாரா? கடைசியில நம்மகிட்டதான் வரணும். அவங்களுக்கு வேற போக்கிடம் ஏது?" அவர் சொன்ன விதத்தில் கெட்ட எண்ணம்கூட இல்லை, ஏழுமலை. கட்டிய மாடு தும்பை அறுக்காது என்று பேசுவதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார். எத்தனையோ வருஷம் பந்தல் போட்டவன் நான். அந்தப் பேச்சில் நைனார் மட்டும் இல்லை, நானும் இருந்தேன் என்பது படி இறங்கும்போதுதான் புரிந்தது.

இதற்கு நடுவில்தான் அம்பத்தூருக்கு, உனக்கு என் கையால் முதல் கார்டு எழுதினேன். நினைவிருக்கும். "தொண்டூரில் எல்லாரும் பட்டினி. பொழுதோடு வரவில்லை" என்று அதற்குமேல் இடம் போதாமல் நிறுத்தியிருந்தேன். அதற்கு அடுத்த வாரம் உன் கட்சி வேட்பாளர், அந்த இளவயது வக்கீல், வெயில் இருக்கும்போதே தொண்டூர் வாசலில் வந்து நின்றார். கூடவே இரண்டு பேர், கொடி இல்லை, மைக் இல்லை. "ஐயா, நேரமாயிடுச்சா?" என்று கேட்டாராம். நைனார் திகைத்துப்போய், "இல்ல, உக்காருங்க" என்றாராம். வாசலில் பசியோடு நிற்பவரை எந்தக் கட்சி என்று கேட்கவா முடியும். நைனார் சம்சாரம் பரிமாறிக்கொண்டே, "உங்களுக்கு யாருப்பா நேரம் சொன்னது?" என்று கேட்டதற்கு, "அம்பத்தூர்லேருந்து ஒரு தோழர் கார்டு போட்டிருந்தாரும்மா, பொழுதோட போங்கன்னு" என்றாராம்.

அப்படியானால் நான் கற்ற எழுத்து செய்த முதல் வேலை, என் கட்சிக்கு எதிரான வேலை. இதைக் கேட்டு உன் அம்மா சிரித்த சிரிப்பில் கடலைத் தோல் எல்லாம் பறந்தது. எனக்கும் சிரிப்புதான் வந்தது. கோபம் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், நீ யோசித்துச் சொல். ஓட்டு வாங்கும் உபாயம் என்று அந்தக் கார்டைப் போட்டாயா, அல்லது உனக்குச் சோறு போட்ட வீடு பட்டினி கிடந்தது என்று மனம் கேட்காமல் போட்டாயா? இரண்டும் கலந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கலந்திருந்தால் தப்பில்லை. எது எவ்வளவு என்று உனக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். மொழிக்காக ஊர்வலம் போய் நீ அடிபட்டு வந்த வருஷம், உன்னோடு நான் பேசாமல் இருந்தபோது நைனார்தான் என்னிடம், "அவன் ஒண்ணும் திருடப் போகலையே, தமிழுக்குத்தானே போனான், பேசுய்யா" என்று சொல்லி அனுப்பினார். அது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

வக்கீல் வந்து போனபின் நைனாருக்கு நிம்மதி போயிற்று. வீட்டிலேயே இருந்துவிடுவது என்று எடுத்த முடிவு ஆட்டம் கண்டுவிட்டது. செஞ்சி நெல் மண்டிக்கு வந்தவர் நம் வீட்டில் உட்கார்ந்து புலம்பினார். "அந்தப் பிள்ள ரெண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்டுச்சுய்யா. அது கட்சிக்குப் போடவும் கை வரல. நம்ம ஆளுக்குப் போடவும் கை வரல. வூட்டுல இருந்தா சோத்துக்குப் பயந்து ஒளிஞ்ச மாதிரி இருக்குது."

உன் அம்மா மோர் கொடுத்துக்கொண்டே, "பேசாம அந்தப் பையனையே நம்ம கட்சியில நிறுத்தியிருக்கலாம்" என்றாள். நைனார் மோரை வைத்துவிட்டுச் சிரித்தார்.

வக்கீல் சாப்பிட்ட செய்தி ஆபீசுக்கும் போயிற்று. இதுவரை நம் தெருவைப் பார்க்காத செயலாளர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். "பெரியவரே, உங்க நைனாரு கட்சி மாறிட்டாராமே?"

"மாறல. சோறு போட்டாரு."

"ரெண்டும் ஒண்ணுதான். இதப் பாருங்க, தொண்டூர் சாவடிக்கு உங்களத்தான் ஏஜெண்டா போட்டிருக்குது. நீங்க உள்ள உக்காருங்க. உங்க மூஞ்சியப் பார்த்தா ஒருத்தனுக்கும் வேற எங்கயும் குத்த மனசு வராது." கையில் ஏஜெண்டு தாள். அதில் என் பெயர் இருந்தது. நானே படித்தேன். அச்சடித்த தாளில் என் பெயரை நானே படித்தது அதுதான் முதல் தடவை. கண்ணை எடுக்க முடியவில்லை.

"வேட்பாளர் பகல்ல ஒரு நாள் தொண்டூருக்கு வருவாரா?" என்று கேட்டேன். நேரமில்லை என்றார். தாளை உன் அம்மாவிடம் கொடுத்து வைத்தேன். இரண்டு நாள் அதை எடுத்து எடுத்துப் படித்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறித் தொண்டூர் போய் நைனாரிடம் நேராகக் கேட்டேன், நான் உள்ளே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று. அவர் துண்டால் திண்ணையைத் தட்டி என்னை உட்கார வைத்தார். பிறகு, "நீ உக்காந்திருந்தா நான் வருவேன். எல்லாரையும் கூட்டிக்கினு வந்து நம்ம சின்னத்துலயே குத்திடுவேன். கட்சிக்காக இல்ல, நீ தலை குனியக் கூடாதுன்னு" என்றார்.

ஏழுமலை, அன்றைக்கு நாலு மணிக்கு வந்துவிடுவார்கள் என்ற என் பேச்சை நம்பி அந்த வீடு பட்டினி கிடந்தது. இப்போது என் முகத்துக்காக ஓட்டையும் போட்டுவிடுவார்கள். செயலாளர் சொன்னது அப்படியே பலித்துவிடும். வேறு போக்கிடம் இல்லை என்று அடுத்த தேர்தலுக்கும் எழுதி வைத்துக்கொள்வார்கள். பஸ்ஸில் திரும்பும்போது நான் வழியில் ஒரு போர்டையும் படிக்கவில்லை. நேராக ஆபீசுக்குப் போய்த் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "இதுக்குத்தானே படிச்சீங்க?" என்று செயலாளர் கேட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை. பாய் ஊகித்துச் சொல்லியிருப்பார். "ஆமாம்பா, இதுக்குத்தான் படிச்சேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் சாப்பிடப் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். மறுநாள் சரியாகிவிட்டது.

நைனாரிடம் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன். நான் உள்ளே இருக்க மாட்டேன், வெளியே மரத்தடியிலும் இருக்க மாட்டேன், தொண்டூர்ப் பக்கமே அன்றைக்கு வர மாட்டேன். வருவதும் வராததும், யாருக்குக் குத்துவது என்பதும் அவரவர் மனசுப்படி. என் ஓட்டைப் பற்றிக் கேட்பாய். எனக்கே தெரியவில்லை. முதல் தடவையாகத் தெரியவில்லை. உன் அம்மா தனக்குத் தெரியும் என்கிறாள், ஆனால் சொல்ல மாட்டாளாம்.

உனக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். உன் கட்சி ஜெயிக்கும் என்று பஜாரில் பேசுகிறார்கள். ஜெயித்தால் சந்தோஷப்படு, நானும் உனக்காகச் சந்தோஷப்படுவேன். ஆனால் கொஞ்ச வருஷம் போனபின் உங்கள் ஆபீசிலும் ஒரு செயலாளர் மைக்கைத் துடைத்துக்கொண்டே, அவங்களுக்கு வேற போக்கிடம் ஏது என்று யாரையாவது பற்றிச் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நீ அப்போது அங்கே இருந்தால் சும்மா இருக்காதே. யாரைச் சொல்கிறாரோ அவர்கள் வீட்டுக்கு அன்றைக்கே கிளம்பிப் போ. என்னைப் போலப் படி இறங்கிய பின்னால் புரிந்துகொள்ளாதே.

காகிதம் முடிகிறது, கையும் வலிக்கிறது. உன் அம்மா கடலையை முடித்து எழுந்துவிட்டாள். அடுத்த புதன்கிழமை தேர்தல். யார் ஜெயித்தார்கள் என்பதைப் பேப்பரிலேயே நீ பார்த்துக்கொள்வாய். தொண்டூரிலிருந்து யார் யார் வந்தார்கள், யார் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள் என்பதைப் பேப்பர்காரன் போட மாட்டான். தேர்தல் முடிந்த மறுநாள் பொழுதோடு போய் நைனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, அதை அடுத்த வாரம் நான் எழுதுகிறேன்.

உன் நைனா